இந்திய நாவல் படிக்கணும், எங்க ஆரம்பிக்கறது? நிலத்துல இருந்து ஆரம்பிங்க

சேலத்துல புத்தகம் படிக்கற பசங்க கிட்ட பேசினா அடிக்கடி வர்ற கேள்வி இதுதான். தமிழ்ல நாலஞ்சு நல்ல நாவல் படிச்சாச்சு, அடுத்து மத்த மொழி இந்திய நாவல்களையும் படிக்கணும்னு ஆசை, ஆனா ஒருத்தர் தாகூர்ல ஆரம்பிங்கறார், ஒருத்தர் பிரேம்சந்துங்கறார், இன்னொருத்தர் நேரா ருஷ்டிக்கு போகச் சொல்றார், லைப்ரரிக்கு போனா மொழிபெயர்ப்பு நாவல் ரேக்குல எல்லாமே ஒண்ணா கலந்து கிடக்குது, எத எடுக்கறது எத விடறதுன்னு புரியாம கடைசியில ஒண்ணும் எடுக்காமலே திரும்பிடறாங்க. அவங்களுக்காகத்தான் இத எழுதறேன். எல்லாரையும் பட்டியல் போட்டு சொல்லப் போறதில்ல, அது முடியவும் முடியாது. சாகித்ய அகாடமி 24 மொழிக்கு விருது தருது, அதுல ஒவ்வொரு மொழியிலயும் நாவல் தன் போக்குல வளர்ந்திருக்கு, இங்கிலீஷும் அந்த 24-ல ஒண்ணுதான். அத்தனையும் ஒரு ஆளு ஒரு ஆயுசுல படிக்க முடியாதுங்க.

ஆனா ஏதாவது ஒண்ண புடிச்சுக்கிட்டு உள்ள போகலாம். நான் புடிச்சுக்க சொல்றது நிலம். 1900-ல இருந்து 2000 வரைக்கும் இந்தியாவுல எழுதின பெரிய நாவல்கள்ல பாதிக்கு மேல அடியில ஒரே கேள்விதான் ஓடுதுன்னு எனக்கு தோணுது. இந்த மண்ணு யாருக்கு சொந்தம், உழறவங்களுக்கா, பத்திரம் வச்சிருக்கறவருக்கா, கடன் குடுத்தவருக்கா, காட்டுலயே பொறந்து வளர்ந்தவங்களுக்கா, இல்ல நேத்து கோடு போட்டு பிரிச்ச அரசாங்கத்துக்கா? இத மனசுல வச்சுக்கிட்டு படிச்சீங்கன்னா ஒடிசா நாவலும் கன்னட நாவலும் பஞ்சாபி நாவலும் ஒண்ணோட ஒண்ணு பேசறது காதுல விழும்.

நாவல்ங்கற வடிவம் நமக்கு வந்தது 19-ம் நூற்றாண்டுல. வங்காளத்துல பங்கிம் சந்திரர் 1865-லயே துர்கேசநந்தினி எழுதிட்டார், தமிழ்ல மாயூரம் வேதநாயகம் பிள்ளையோட பிரதாப முதலியார் சரித்திரம் 1879-ல வந்துச்சு. அந்த காலத்து நாவல்கள்ல ராஜா, கோட்டை, வீரம், நீதி உபதேசம் எல்லாம் நிறைய இருக்கும். கடன்ல மாட்டின ஒரு சாதாரண கிராமத்தான் நாவலோட நடுவுல வந்து உக்கார்றதுக்கு இன்னும் கொஞ்ச காலம் ஆச்சு.

அந்த இடத்துல என்னோட கணக்குல முதல்ல நிக்கறவர் ஃபகீர் மோகன் சேனாபதி. 1843-ல ஒடிசாவுல பாலசோர்ல பொறந்தவர். சமஸ்தானங்கள்ல நிர்வாக வேலை பார்த்தவர், அதனால நிலம், வரி, கோர்ட்டு, கணக்கு எப்படி ஓடும்னு உள்ளுக்குள்ள இருந்து தெரிஞ்சவர். அவரோட "ச மாண ஆட குண்ட" 1897-ல இருந்து பத்திரிகையில தொடரா வந்து 1902-ல புத்தகமாச்சு. தலைப்பே ஒரு நிலத்தோட அளவுதாங்க, ஏறத்தாழ ஆறேகால் ஏக்கர்னு வச்சுக்கலாம். பகியா, சாரியான்னு ஒரு நெசவாளி தம்பதி, குழந்தை இல்ல, கையில நல்ல விளைச்சல் தர்ற அந்த துண்டு நிலமும் நேதான்னு ஒரு பசுவும் இருக்கு. ஊர் ஜமீந்தார் ராமச்சந்திர மங்கராஜுக்கு அந்த நிலத்து மேல கண்ணு. நேரா புடுங்கல அவர். சம்பாங்கற வீட்டு வேலைக்காரிய விட்டு சாரியா கிட்ட பேசி, ஊர் தெய்வத்துக்கு கோயில் கட்டினா குழந்தை பொறக்கும்னு நம்ப வச்சு, அம்மனே வாய் திறந்து சொல்ற மாதிரி மறைவுல ஆள உக்கார வச்சு பேசவும் வச்சு, கோயில் கட்ட காசுக்கு நிலத்த தன்கிட்டயே அடமானம் வைக்க வைக்கறார். அடுத்து நடக்கறத நீங்களே ஊகிச்சிருப்பீங்க. நிலம் போச்சு, பசு போச்சு, சாரியா செத்துப் போறா, பகியாவுக்கு புத்தி பேதலிச்சு போயிடுது.

சேலத்துல அம்மாப்பேட்டை பக்கமோ குகைங்கற ஏரியா பக்கமோ தறி போட்ட குடும்பத்துல வளர்ந்தவங்களுக்கு இந்த கதை எவ்வளவு கிட்டத்துல இருக்குன்னு நான் சொல்ல வேண்டியதில்ல. பாவு வாங்க கடன், கடனுக்கு வீட்டுப் பத்திரம்னு போற அந்த வழி நம்ம ஊர்லயும் தெரிஞ்ச வழிதான். சேனாபதியோட பெரிய பலம் கதை சொல்ற குரல். ஜமீந்தார வாய் நிறைய புகழ்ந்துக்கிட்டே போவார், அந்த புகழ்ச்சிக்குள்ளயே ஆளோட லட்சணம் முழுக்க வெளிய வந்துடும். ஊர் ஏரிய விவரிக்கறதுக்குன்னே ஒரு பகுதி வச்சிருக்கார், யார் எந்த படித்துறையில குளிக்கறாங்க, எந்த கொக்கு எங்க நிக்குதுன்னு எழுதிக்கிட்டே மொத்த ஊரோட சாதி அடுக்கையும் கண்ணு முன்னால கொண்டு வந்து வச்சிடறார். இந்த நாவலோட ஒரு நல்ல இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு 2005-ல வந்துச்சு.

இங்க ஒரு நிமிஷம் நாவல விட்டுட்டு சரித்திரத்துக்கு போகணும், ஏன்னா இது தெரியலன்னா வடக்கத்தி நாவல்ல ஏன் திரும்பத் திரும்ப ஜமீந்தார் வர்றார்னு புரியாது. வங்காளம், பீகார் பக்கம் 1793-ல கிழக்கிந்திய கம்பெனிக்காரங்க நிரந்தர ஜமீந்தாரி முறைய கொண்டு வந்தாங்க. வரி கட்ட வேண்டிய பொறுப்பு ஜமீந்தாருக்கு, கெடு தேதிக்குள்ள கட்டலன்னா ஜமீன் ஏலத்துக்கு போயிடும், எடுக்கறவர் எந்த ஊர்க்காரரா வேணா இருக்கலாம், உழறவங்க யாருன்னு அவருக்கு தெரிய வேண்டிய அவசியமே இல்ல. ஒடிசாவுலயும் நிறைய ஜமீன் இப்படி ஏலத்துல கை மாறினதுதான், மங்கராஜ் மாதிரி ஆளுங்க மேல வந்ததும் அந்த வழியிலதான்.

நம்ம பக்கம் வேற மாதிரி. 1792-ல திப்பு சுல்தான் கிட்ட இருந்து பாராமகாலும் (இன்னிக்கு கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கம்) சேலமும் கம்பெனி கைக்கு வந்தப்போ அலெக்சாண்டர் ரீடும் அவருக்கு கீழ தாமஸ் மன்றோவும் இங்கதான் ஊர் ஊரா நிலத்த அளந்தாங்க, விவசாயி கிட்டயே நேரா வரி வாங்கற முறைய இங்கதான் நடத்திப் பார்த்தாங்க. அது பின்னால மதராஸ் மாகாணத்துல பெரும் பகுதிக்கு பரவின ரயத்வாரி ஆச்சு. சேலம் ஜில்லாவுலயும் கொஞ்ச பகுதி மிட்டான்னு சின்ன சின்ன ஜமீனா பிரிச்சு வித்தது உண்டு, ஆனாலும் மொத்தத்துல பட்டா குடியானவர் பேர்லதான். அதனால சண்டை எங்க வருதுன்னு பாருங்க. வடக்க நாவல்ல சண்டை ஜமீந்தார், அவரோட காரியஸ்தர், வட்டிக்கு விடறவர்னு மேல இருந்து வருது. நம்ம பக்கத்து நாவல்ல பங்காளிக்குள்ள, பாகப்பிரிவினையில, வரப்புல வருது. இது என்னோட வாசிப்புதான், எல்லா நாவலுக்கும் அப்படியே பொருந்தும்னு சொல்ல மாட்டேன், ஆனா புதுசா படிக்கறவங்களுக்கு இது ரொம்ப உதவும்னு நம்பறேன்.

அத சரிபார்க்க ரெண்டு நாவல பக்கத்துல பக்கத்துல வச்சு படிங்க. ஒண்ணு பிரேம்சந்தோட கோதானம், இன்னொண்ணு ஆர். சண்முகசுந்தரத்தோட நாகம்மாள்.

பிரேம்சந்த் 1880-ல காசி பக்கத்துல லமஹிங்கற கிராமத்துல பொறந்தார், உண்மைப் பேர் தன்பத் ராய், முதல்ல உருதுல எழுதிட்டு அப்புறம் இந்திக்கு வந்தவர். தமிழ்க்காரங்களுக்கு அவர் ரொம்ப முன்னாடியே அறிமுகம். எம்.எஸ். சுப்புலட்சுமி நடிச்ச சேவாசதனம் படம், 1938-ல கே. சுப்பிரமணியம் எடுத்தது, அவரோட நாவல்ல இருந்து வந்ததுதான். கோதானம் 1936-ல வந்துச்சு, அதே வருஷம் அவர் இறந்துட்டார். கதையில ஹோரின்னு ஒரு சின்ன விவசாயி, வீட்டு வாசல்ல ஒரு பசு நிக்கணும்ங்கறதுதான் அவனோட மொத்த ஆசையும். கடன் சொல்லி ஒரு பசு வருது, கூடப் பொறந்த தம்பியே பொறாமையில அதுக்கு விஷம் வச்சிடறான், அதுல இருந்து ஒரு கடன் இன்னொரு கடன இழுத்துக்கிட்டு வர, ஹோரி விவசாயிங்கற இடத்துல இருந்து இறங்கி கடைசியில வெயில்ல ரோட்டு வேலைக்கு கல்லு வெட்டற கூலி ஆயிடறான். சாகக் கிடக்கறான். சாகற நேரத்துல பசு தானம் குடுக்கணும்னு சுத்தி நிக்கறவங்க சொல்றாங்க. தனியாங்கற பேருள்ள அவன் பொண்டாட்டி, கயிறு திரிச்சு வித்து சேர்த்த 20 அணாவ எடுத்துட்டு வந்து புரோகிதர் கையில வச்சு, வீட்டுல பசுவும் இல்ல கன்னும் இல்ல காசும் இல்ல, இருக்கறது இதுதான், இதுதான் இவரோட கோதானம்னு சொல்லிட்டு மயங்கி விழறா. ஆயுசு முழுக்க ஒரு பசுவுக்கு ஏங்கினவன் பேர்ல அந்த 20 அணா போகுது. இந்திய நாவல்கள்ல இதுக்கு மேல ஒரு முடிவு நான் படிச்சதில்லங்க. சரஸ்வதி ராம்நாத் தமிழ்ல பண்ணியிருக்காங்க, தடி புத்தகம்தான், பயப்படாதீங்க.

நாகம்மாள் மெலிசான புத்தகம், 1942-ல வந்தது. சண்முகசுந்தரம் தாராபுரம் பக்கம் கீரனூர்க்காரர். நாகம்மாள் புருஷன இழந்தவ, ஒரு பொட்டப்புள்ளைய வச்சுக்கிட்டு கொழுந்தன் குடும்பத்தோட இருக்கா. தன்னோட பங்க பிரிச்சு குடுன்னு கேக்கறா, அவ்வளவுதான் கதை. ஆனா ஒரு விதவை எழுந்து பூமியில எனக்கு பங்கு இருக்குதுன்னு கேக்கறத 1942-லயே நடுவுல வச்சு எழுதினதும், கொங்கு பேச்ச அப்படியே வாயில வச்சதும் சின்ன விஷயம் இல்ல. அந்த கேள்வி கொலையில போய் முடியுது. கோதானத்துல நிலம் போறதுக்கு மேல இருக்கறவங்க எல்லாரும் காரணம். நாகம்மாள்ல ஒரே வீட்டுக்குள்ள, ஒரே திண்ணையில அது நடக்குது.

சண்முகசுந்தரத்த இங்க கொண்டு வந்ததுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. விபூதிபூஷண் பந்தோபாத்யாயவோட பதேர் பாஞ்சாலிய தமிழுக்கு கொண்டு வந்ததும் இவர்தான், சரத்சந்திரர் நாவல்களும் நிறைய பண்ணியிருக்கார். ஒரு கொங்கு நாட்டு எழுத்தாளர் தன் ஊர் பேச்சுல நாவல் எழுதிக்கிட்டே வங்காளத்து ஊர் ஒண்ண நமக்கு அறிமுகம் பண்றார் பாருங்க, இந்திய நாவல்னு நாம சொல்றது உருவானது இப்படிப்பட்ட வேலையிலதான்.

வங்காளத்த பத்தி கொஞ்சம். எல்லாரும் தாகூர்ல ஆரம்பிப்பாங்க, கோரா 1910, வீடும் வெளியும் 1916, பெரிய நாவல்கள்தான், ஆனா நிறைய விவாதம் இருக்கும், முதல் புத்தகமா வேண்டாம்ங்கறது என் அபிப்பிராயம். சரத்சந்திரர் ஒரு காலத்துல தமிழ் வீடுகள்ல நம்மூர் எழுத்தாளர் மாதிரியே படிக்கப்பட்டவர், தேவதாஸ் 1917. தாராசங்கரோட ஆரோக்கிய நிகேதனம் ஒரு கிராமத்து நாடி வைத்தியர பத்தினது, புது டாக்டரும் புது மருந்தும் ஊருக்கு வர்றப்போ அவரோட உலகம் என்ன ஆகுதுன்னு ரொம்ப பொறுமையா சொல்லும், த.நா. குமாரசாமி மொழிபெயர்ப்பு. இவங்க எல்லாரையும் விட நான் முதல்ல கையில குடுக்கறது விபூதிபூஷணத்தான்.

பதேர் பாஞ்சாலி 1929. சத்யஜித் ராய் 1955-ல படமா எடுத்ததால பேர் எல்லாருக்கும் தெரியும், ஆனா நாவல் படத்த விட விரிவானது. அப்புவும் அக்கா துர்காவும் மாந்தோப்புலயும் மூங்கில் காட்டுலயும் சுத்தறதுதான் முக்கால்வாசி. அக்கா திருடிட்டான்னு பழி வந்த ஒரு பொருள் அவ செத்த பிறகு தம்பி கையில கிடைக்குது, அவன் யார் கிட்டயும் சொல்லாம அத தூக்கி எறிஞ்சிடறான். அந்த ஒரு காரியத்துல பையன் பெரியவனாயிடறான், எழுத்தாளர் அத விளக்கவே மாட்டார்.

ஏற்காடு மலை தெரிஞ்சவங்களுக்கு அவரோட இன்னொரு நாவல்தான் இன்னும் கிட்ட. வனவாசி. வங்காளத்துல ஆரண்யக், 1939, தமிழ்ல த.நா. சேனாபதி பண்ணினது, மேல சொன்ன குமாரசாமியோட தம்பி. விபூதிபூஷணே பாகல்பூர் பக்கம் ஒரு எஸ்டேட்ல கொஞ்ச காலம் வேலை பார்த்தவர், அந்த அனுபவம்தான் இது. சத்தியசரண்னு படிச்சு வேலை இல்லாம இருக்கற ஒரு கல்கத்தா பையன், பீகார்ல ஒரு பெரிய காட்டு எஸ்டேட்டுக்கு மேனேஜரா போறான். அவனோட வேலை என்னன்னா காட்ட வெட்டி குத்தகைக்கு விட்டு குடித்தனக்காரங்கள கொண்டு வந்து உக்கார வைக்கறது. ஆரம்பத்துல அந்த தனிமை தாங்காம ஓடிடலாம்னு இருக்கறவன் போகப் போக அந்த காட்டு மேலயே பைத்தியமாயிடறான், நிலா வெளிச்சத்துல குதிரையில போறான், தினம் அத பார்த்து சொக்கிப் போறான், அடுத்த நாள் காலையில அதே காட்ட அளந்து பங்கு போட்டு குடுக்கறான். சந்தோஷமும் குற்றமும் ஒரே ஆளுக்குள்ள.

அதுல யுகலப்பிரசாத்னு ஒருத்தர் வர்றார், எனக்கு ரொம்ப பிடிச்ச பாத்திரம். எங்கெங்கயோ இருந்து பூச்செடியும் கொடியும் விதையும் தேடி கொண்டு வந்து காட்டுக்குள்ள ஒரு ஏரிக்கரையில நட்டுட்டு போவார். அவர் நிலம் கிடையாது, யாரும் கூலி குடுக்கல, யாரும் பார்க்கக்கூட போறதில்ல, பூ பூக்கணும் அவ்வளவுதான். சத்தியசரண் அவருக்காகவே அந்த ஏரிக்கரைய மட்டும் குத்தகைக்கு விடாம தள்ளிப் போட்டுக்கிட்டே வருவான். அப்புறம் தோப்ரு பன்னான்னு ஒரு ஆதிவாசி ராஜா, வம்சத்துல ராஜா, நிஜத்துல மாடு மேய்க்கற கிழவர், முன்னோர் புதைச்ச இடத்த காட்டறப்போ மட்டும் அவர் நிக்கற விதமே மாறிடும்.

இத ஏற்காட்டுல எங்கயாவது ஒரு காப்பித் தோட்டத்து ஓரத்துல உக்காந்து படிங்க. சில்வர் ஓக் மரம் நெட்டு குத்தா நிக்குது, அதுல மிளகு கொடி ஏறியிருக்கு, கீழ காப்பி செடி, பார்க்க பச்சையா குளிர்ச்சியாதான் இருக்கு. சேர்வராயன் மலைக்கு காப்பி வந்தது 1820-கள்ல, சேலம் கலெக்டரா இருந்த காக்பர்ன் காலத்துல. அதுக்கு முன்னாடி இங்க சோலைக்காடும், மலையாளிங்கற மலைப் பழங்குடி மக்களோட சாமையும் ராகியும்தான். இன்னிக்கும் மே மாசம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு மலையில இருக்கற எல்லா ஊர் சனமும் கூடுது, மத்த நாள்ல அதே சனம் தோட்டத்துல மேஸ்திரி சொல்ற வேலைய பார்க்குது. வனவாசி படிச்சுட்டு அந்த வரிசை வரிசையான செடிங்கள பார்த்தா, இத அளந்து கோடு போட்ட ஆளும் ராத்திரி நிலாவுல இத ரசிச்சிருப்பானோன்னு யோசனை போகும்.

காடு பத்தி பேசறப்போ ஒடிசாவோட கோபிநாத் மொஹந்திய விட முடியாது. கோராபுட் ஜில்லாவுல அரசாங்க அதிகாரியா இருந்தவர், ஆனா ஆதிவாசிகள் பக்கம் நின்னு எழுதினவர். பரஜா 1945. சுக்ரு ஜானின்னு ஒரு அப்பன், ரெண்டு பையன், ரெண்டு பொண்ணு, கடன் வாங்கினதுக்கு உழைச்சே அடைக்கணும்னு கொத்தடிமையா போறாங்க, அங்க இருந்து மீளவே முடியாம கடைசியில கோடாலி எடுக்கறாங்க. அதே கோபத்த நேரா அரசியலா எழுதினவர் மகாஸ்வேதா தேவி, வெள்ளைக்காரங்கள எதிர்த்த ஆதிவாசித் தலைவர் பிர்சா முண்டாவ பத்தின நாவலுக்கு 1979-ல சாகித்ய அகாடமி வாங்கினார், 1084-ன் அம்மாவும் தமிழ்ல கிடைக்குது. நம்ம மொழியில ராஜம் கிருஷ்ணனோட குறிஞ்சித்தேன், 1963, நீலகிரி படகர்கள் வாழ்க்கையில தேயிலையும் பணப்பயிரும் வந்து என்ன பண்ணுச்சுன்னு சொல்லுது, மலை ஊர்க்காரங்க அவசியம் படிக்கணும்.

கன்னடம் நமக்கு ஓசூர் தாண்டினா வந்துடற மொழி, சேலத்துல வீட்டுக்குள்ள கன்னடமும் தெலுங்கும் பேசற குடும்பங்க எத்தனையோ இருக்கு, ஆனா கன்னட நாவல் படிச்சவங்க குறைவு. சிவராம காரந்த்ல ஆரம்பிங்க. மண்ணும் மனிதரும்னு சித்தலிங்கையா தமிழ்ல பண்ணியிருக்கார், மூலம் 1940-கள் ஆரம்பத்துல வந்தது. கடலோர கிராமத்துல ஒரு குடும்பத்தோட மூணு தலைமுறை. முதல் தலைமுறை மண்ணுல உழைக்குது, ரெண்டாவது இங்கிலீஷ் படிக்க டவுனுக்கு போயி கெட்டு எல்லாத்தையும் அழிக்குது, மூணாவது எங்கெங்கயோ அலைஞ்சு மண்ணுக்கே திரும்புது. சுருக்கமா சொன்னா சாதாரணமா தெரியும். ஆனா சரசோதின்னு ஒரு விதவையும் அவ கூடப் பொறந்தவரோட பொண்டாட்டி பார்வதியும் உப்புத் தண்ணியில நின்னு, விறகு பொறுக்கி, வயல்ல குனிஞ்சு அந்த வீட்ட தூக்கி நிறுத்தறத பக்கம் பக்கமா எழுதியிருக்கார், ஆம்பளைங்க வர்றாங்க போறாங்க, வீடு நிக்கறது இந்த பொம்பளைங்க முதுகுல.

எஸ்.எல். பைரப்பாவோட ஒரு குடும்பம் சிதைகிறது, 1970, அதுவும் அப்படித்தான். நஞ்சம்மா, ஊர்க் கணக்கர் பொண்டாட்டி. புருஷன் சோம்பேறி, மாமியார் வாய தொறந்தா வசவு, அதனால ஊர்க் கணக்கு நோட்ட இவளே எழுதக் கத்துக்கிட்டு குடும்பத்த ஓட்டறா. பிளேக் வருது. அதுக்கு மேல நான் சொல்லல, படிச்சு முடிச்சுட்டு கொஞ்ச நாளைக்கு வேற புத்தகம் எடுக்கத் தோணாது. அனந்தமூர்த்தியோட சம்ஸ்காரா, 1965, இதுல இருந்து விலகி ஒரு அக்ரகாரத்துல செத்தவர் உடம்ப யார் எரிக்கறதுங்கற ஒரே கேள்விய வச்சு எழுதினது, சின்ன புத்தகம், ஆனா கொஞ்சம் பழகின பிறகு எடுங்க.

மலையாளத்துல நிலத்துக்கு பதிலா கடல். தகழியோட செம்மீன் 1956, தமிழ்ல சுந்தர ராமசாமி பண்ணினது. படகு வாங்கணும், வலை வாங்கணும், அதுக்கு கடன் வாங்கணும்னு செம்பன்குஞ்சுக்கு வர்ற ஆசை, ஹோரியோட பசு ஆசை மாதிரியேதான். காதல் கதைன்னு எல்லாரும் சொல்வாங்க, நான் அத முதல்ல கடன் கதைன்னுதான் படிக்கச் சொல்வேன். தகழியோட தோட்டியின் மகனும் சு.ரா. மொழிபெயர்ப்புதான். பஷீர் இந்த கணக்குல எதுலயும் அடங்க மாட்டார், ஆனா புத்தகமே படிச்சுப் பழக்கமில்லாதவங்களுக்கு முதல் புத்தகமா நான் குடுக்கறது அவரத்தான், மதில்கள் ஒரே உக்கார்ல முடிஞ்சிடும்.

தெலுங்குல உன்னவ லட்சுமிநாராயணாவோட மாலபள்ளி, வேலூர் ஜெயில்ல இருந்தப்போ எழுதினது, 1922-ல வந்துச்சு, தலித் விவசாயக் குடும்பம் ஒண்ண நடுவுல வச்சு எழுதினது, அன்னிக்கு மதராஸ் அரசாங்கம் அத தடை பண்ணிச்சு. மராத்தியில காண்டேகர். அவர கா.ஸ்ரீ.ஸ்ரீ. மொழிபெயர்ப்புல தமிழ்நாடே படிச்சுச்சு, நம்ம தாத்தா பாட்டி அலமாரியில கண்டிப்பா ஒண்ணு இருக்கும். லட்சியம் நிறைய பேசுவாங்க அவரோட ஆளுங்க, எனக்கு அதுல மனசு ஒட்டல, யயாதி மட்டும் படிங்க.

1947 பிரிவினையில நிலக் கேள்வி இன்னும் பயங்கரமா மாறுது, ஏன்னா ஒருத்தர் கிட்ட இருந்து ஒருத்தர் புடுங்கறது போயி ஊரே மொத்தமா காலி ஆகுது. அம்ரிதா பிரீதமோட பிஞ்சர் பஞ்சாபியில 1950, யஷ்பாலோட ஜூட்டா சச் இந்தியில ரெண்டு பாகம், 1958-லயும் 1960-லயும், பீஷ்ம சாஹ்னியோட தமஸ் 1970-கள்ல. உருதுல குர்ரத்துலைன் ஹைதர் எழுதின அக்னி நதி, 1959, ரெண்டாயிரம் வருஷத்துக்கு மேல பின்னால போயி அதே பேர் உள்ள ஆளுங்கள ஒவ்வொரு யுகத்துலயும் பொறக்க வச்சு கடைசியில பிரிவினையில கொண்டு வந்து நிறுத்தும், கஷ்டமான நாவல், கடைசியா வச்சுக்கோங்க. இந்த வரிசையில எனக்கு நெருக்கமானது வங்காளத்துல அதீன் பந்தோபாத்யாய எழுதின நீலகண்டப் பறவையைத் தேடி, சு. கிருஷ்ணமூர்த்தி மொழிபெயர்ப்பு. கிழக்கு வங்காளத்து ஆறும் வயலும் படகும் தர்பூசணி வயலுமா போயிக்கிட்டே இருக்கும், அந்த ஊர விட்டு அந்த குடும்பம் போகப் போறது நமக்கு முன்னாடியே தெரியும், அதனாலயே ஒவ்வொரு பக்கமும் வலிக்கும்.

இங்கிலீஷ்ல எழுதினவங்கள நான் தள்ளி வைக்கல. முல்க் ராஜ் ஆனந்தோட அன்டச்சபிள் 1935, அதே வருஷம் ஆர்.கே. நாராயணோட சுவாமியும் நண்பர்களும், ராஜா ராவோட காந்தபுரா 1938. ஆனந்த் அஸ்ஸாம் தேயிலைத் தோட்டத்து கூலிக்காரங்கள பத்தி 1937-ல எழுதினது தோட்ட வேலை தெரிஞ்ச குடும்பங்களுக்கு புரியும். வால்பாறை தோட்டத்துல டாக்டரா இருந்த பி.எச். டேனியல் எழுதினத எரியும் பனிக்காடுன்னு இரா. முருகவேள் தமிழ்ல தந்திருக்கார், அத முதல்ல எடுங்க.

இதெல்லாம் தமிழ்ல எப்படி கிடைக்குதுன்னா, 1954-ல ஆரம்பிச்ச சாகித்ய அகாடமியும் 1957-ல ஆரம்பிச்ச நேஷனல் புக் டிரஸ்டும்தான் பெரிய காரணம். ஒரு மொழி நாவல மத்த எல்லா மொழிக்கும் கொண்டு போகணும்னு நேஷனல் புக் டிரஸ்ட் ஆதான் பிரதான்னு ஒரு வரிசையே போட்டுச்சு. பழைய அட்டை, சுமாரான பேப்பர், பொடி எழுத்து, அத பார்த்து ஒதுக்கிடாதீங்க, மாவட்ட மைய நூலகத்துல தூசி தட்டி எடுத்தா பாதி பொக்கிஷம் அதுலதான் இருக்கும். படிக்கறப்போ முதல் அம்பது பக்கம் பேர் குழப்பும், யார் யாருக்கு என்ன உறவுன்னே புடிபடாது, ஒரு துண்டு பேப்பர்ல வம்ச வரிசைய எழுதி புத்தகத்துக்குள்ளயே வச்சுக்கோங்க. மண்ணும் மனிதருக்கு அது இல்லாம முடியாது.

வரிசை கேட்டீங்கன்னா, முதல்ல மதில்கள், அடுத்து நாகம்மாள், அப்புறம் வனவாசி, அப்புறம் கோதானம், அதுக்கப்புறம் மண்ணும் மனிதரும். இந்த அஞ்சு முடிச்சா மத்தத நீங்களே தேடிக்குவீங்க. கூடவே நம்ம பக்கத்துல இருந்து ஒண்ணு, பெருமாள்முருகனோட ஏறுவெயில், 1991. அவரோட ஊர்ப்பக்கமான திருச்செங்கோடு அப்போ சேலம் ஜில்லாவுலதான் இருந்துச்சு, நாமக்கல் தனியா பிரிஞ்சது 1997-ல. காலனி கட்டறதுக்காக ஒரு குடும்பத்தோட காட்ட, அதாவது விவசாய நிலத்த, அரசாங்கம் எடுத்துக்குது, ஏமாத்தற ஜமீந்தார் கிடையாது, வட்டிக்காரர் கிடையாது, சட்டப்படி பணமும் வருது. அந்த பணம் கைக்கு வந்த பிறகு அப்பன், மகன், தாத்தா பாட்டின்னு ஒவ்வொருத்தரா எப்படி பிரிஞ்சு போறாங்கன்னு ஒரு பையன் பக்கத்துல நின்னு பார்க்கறான். 2018-ல எட்டு வழிச்சாலைக்கு நம்ம ஜில்லாவுல வயல்ல கல்லு நட்டப்போ தரையில உக்காந்து மண்ண அள்ளி அழுத வயசானவங்கள டிவியில பார்த்திருப்பீங்க. நஷ்ட ஈடு நல்லா தர்றாங்களே, அப்புறம் என்ன அழுகைன்னு அன்னிக்கு கேட்டவங்க கையில இந்த நாவலத்தான் குடுக்கணும்.